தாமரைத் தூணில் மாட்டிக்கொண்ட அப்பா

அப்பா பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் நெஞ்சின் மேல். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார். அதைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். நான்தான் மறுத்துவிட்டேன்.

பெஞ்சை நாலு பேர் தூக்கியிருந்தோம். முன்னால் கோவிந்தன் மேஸ்திரியும், பக்கத்து மனைக்காரரான கமால் பாயும். பின்னால் நானும், மேஸ்திரியின் மச்சினனும்.

இடம், பெரம்பலூரில் நான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் முன்வாசல். நேரம், மண்டையைப் பிளக்கும் உச்சி வெயில். நிலைமை, பெஞ்சு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்பாவின் முழங்கை தாமரைத் தூணில் இடித்து நின்றது. பெஞ்சின் முன்பக்கக் கால் ஜாலிச் சுவரில் முட்டியிருந்தது. கமால் பாய் அந்தச் சுவரோடு சுவராக நசுங்கி, ஜாலியின் ஓட்டை வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எறங்கிடுங்க. பாத்தாச்சில்ல?"

"செத்தவன் எறங்கி நடப்பானாடா?" கண்ணைத் திறக்காமல் கேட்டார் அப்பா.

"செத்தவன் பேசவும் மாட்டான்."

"அத நான் நெசமா போறப்ப பாத்துக்குறேன். நீ தூக்கு."

எனக்குக் கொட்டாவி வந்தது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கொட்டாவி பழக்கம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், நாக்கு வறளும். எனக்குக் கொட்டாவி வரும். பயம் எவ்வளவோ அவ்வளவு பெரிய கொட்டாவி. என் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியபோது வந்த கொட்டாவியைப் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு அன்னிக்கே இஷ்டமில்ல" என்று மாமியார் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று வாசலில் எனக்கு வந்த கொட்டாவி, தாலிக் கொட்டாவியைவிடப் பெரியது.

தெற்குப் பார்த்த மனை

எல்லாம் அந்த மனையால் வந்த வினை.

அப்போது அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, பிறகு வேண்டாமென்று பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்து வைத்திருந்தார்கள். (அப்புறம் மறுபடி பிரித்தார்கள்.) இந்தக் குழப்பத்தில் என் ஆபீஸ் அங்கேயும் இங்கேயும் மாறி, கடைசியில் பெரம்பலூரிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்து, துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் மல்லிகா, என் மனைவி, கேட்டாள்.

"ரோடு எந்தப் பக்கம்ங்க?"

"தெக்க."

"தெக்குப் பாத்த வாசலா? எமன் தெசைங்க அது!"

அவள் கேட்டதும் எனக்கு ஒரு சின்னக் கொட்டாவி. உடனே ஒரு வாஸ்துக்காரரைப் பிடித்தோம். அவர் மனையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பரிதாபமாகப் பார்த்தார்.

"ரோட்டுலேர்ந்து நேரா உள்ள வரக் கூடாது. கிழக்கு ஓரமா ஒரு நடை விட்டு, உள்ள போயி, அங்கேருந்து திரும்பி, கிழக்குப் பாத்த கதவு வழியாத்தான் வூட்டுக்குள்ள நொழையணும்" என்றார்.

அதாவது, வருகிறவர் நேராக நடந்து, பிறகு சடாரென்று இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் போகும் வழி எப்படி இருக்குமோ, அப்படி. இதைத்தான் அழகான முன்வாசலாக ஆக்க வேண்டும் என்று மல்லிகா சொன்னாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகள் எல்லாமே பின்கட்டுதான். ஒன்றில் வீட்டுக்காரரின் குளியலறையை உரசிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்றில் அவர்கள் காயப்போட்ட ஈரப் பாவாடைகளுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். அவளுடைய அண்ணன் முதல்முறை வந்தபோது வீட்டுக்காரரின் சமையலறைக்குள் போய் உட்கார்ந்து காபி கேட்டுவிட்டார்.

"நமக்குன்னு வாசல் ஒண்ணு வேணும்ங்க. பாத்தவொடனே, இது மல்லிகா வூடுன்னு தெரியணும்" என்றாள்.

நியாயம்தானே? சரி என்றேன். அந்தச் சரியோடு என் நிம்மதி போயிற்று.

லப்பைக்குடிக்காட்டு வாசல்கள்

கமால் பாய் டைல்ஸ் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. "வாசல் பாக்கணும்னா எங்க ஊருக்கு வாங்க சார். துபாய்ல பாத்ததெல்லாம் எங்காளுங்க இங்க கொண்டாந்து கட்டி வச்சிருக்காங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் போனார்.

உண்மையிலேயே வாசல்கள்தான். வளைவு வைத்த வாசல், வளைவுக்குள் இன்னொரு வளைவு வைத்த வாசல், தங்க நிறம் பூசிய கிரில், பச்சைக் கண்ணாடி, யானைக்கால் தடிமனில் தூண்கள். மல்லிகா ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, கோயில் சுற்றுகிறவள் போல மெதுவாக நகர்ந்தாள்.

பாதி வீடுகளில் பூட்டு தொங்கியது.

"வூட்டுக்காரன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வருவான் சார். இந்த வாசலப் பாப்பான். பாத்துட்டுப் போயிடுவான்" என்றார் கமால் பாய். "எந்தம்பி வூட்டு வாசலும் இப்படித்தான். அல்லா புண்ணியத்துல வாசல் அம்சமா இருக்கு. நொழையத்தான் ஆளில்ல."

அங்கேதான் ஒரு வீட்டில் மல்லிகா அந்தத் தூணைப் பார்த்தாள். மேலே தாமரை விரிந்து கூரையைத் தாங்கும். கீழேயும் ஒரு தாமரை. நடுவில் உருண்டையாகத் தண்டு. என் நடையோ நாலடி அகலம். அதன் திருப்பத்தில் இந்த யானைக்கால் தாமரை நின்றால் மனிதர்கள் எப்படிப் போவார்கள்?

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா போலாங்க" என்றாள் மல்லிகா.

கோவிந்தன் மேஸ்திரியைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். மாடிக்குக் கிணறு வேண்டும் என்றாலும் அதையேதான் சொல்வார்.

"பண்ணிடலாம் சார்."

பண்ணினார். தூண் வந்தது. தூணுக்கு எதிரே ஜாலிச் சுவர் வந்தது. படிகளுக்கும் நடைக்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புக் கிரானைட் வந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம். தண்ணீர் பட்டால் நிற்க முடியாது என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. மல்லிகா தினமும் சாயங்காலம் வந்து தெருவில் நின்று பார்ப்பாள். சிரித்துக்கொள்வாள். பதினைந்து வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தூணைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்புறம் அப்பா வந்தார்.

பையில் ஒரு கயிறு

அம்மா போன பிறகு அப்பா விக்கிரமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் தனியாக இருந்தார். அந்தக் கோடையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்து, ஆடு மேய்க்க வந்தவர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். இனிமேல் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு முடிந்ததும் அவரைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். நான் அவசர அவசரமாகக் கட்டியதே அதற்காகத்தான். வாடகை வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கே படுக்க இடமில்லை.

அவரோ பிடி கொடுக்கவில்லை. "வூடு முடியட்டும். வந்து பாக்குறேன். புடிச்சா வரேன்" என்றார், பெண் பார்க்க வருகிறவர் போல.

ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவில் நின்று வாசலைப் பார்த்தார். தூணைத் தட்டினார். நடையில் போனார், திரும்பினார், கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு கயிற்றை எடுத்தார்.

"இந்தக் கோடியப் புடி."

"என்னப்பா இது?"

"ஐஸ் பொட்டியோட நீளம்."

எனக்குப் புரியவில்லை. போன மாதம் அரியலூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தாராம். உடலைக் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம். எங்கள் பக்கத்தில் அது புதுசு. துக்கம் விசாரிக்கப் போன அப்பா, பெட்டியைக் கயிற்றால் அளந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். துக்க வீட்டார் என்ன நினைத்தார்களோ!

"ராசா கணக்கா படுத்திருந்தாரு. ஒரு ஈ மொய்க்கல. பம்பாய்லேர்ந்து மவ வந்து சேர்ற வரைக்கும் மொகம் அப்படியே இருந்துச்சு" என்றார். "எனக்கும் அதுதான் வேணும். பொட்டி இந்த வாசல்ல வருமா? வந்தா திரும்புமா? அதச் சொல்லு, அப்புறம் நான் இங்க வந்து இருக்குறதப் பத்திப் பேசுவோம்."

நான் கட்டியது, வாழ்வதற்கு ஒரு வீடு. அவர் பார்த்தது, போவதற்கு ஒரு வழி. எனக்கு வந்த கொட்டாவியில் தாடை கழன்றுவிடும் போலிருந்தது.

"வரும்ப்பா, தாராளமா வரும்" என்றேன்.

"அப்ப பொட்டியக் கொண்டாரச் சொல்லு. வச்சுப் பாத்துடுவோம்."

பால் காய்ச்சாத வீட்டுக்குள் முதல் பொருளாக ஐஸ் பெட்டியா? மல்லிகாவுக்குத் தெரிந்தால் அதில் முதலில் படுப்பது நானாகத்தான் இருக்கும். கெஞ்சினேன். கடைசியில், முக்கு டீக்கடை பெஞ்சு கயிற்றின் நீளத்துக்குச் சரியாக இருந்ததால், அதை வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். வெறும் பெஞ்சு போதும் என்றேன். "அளவு பாக்குறதுன்னா ஆள் வேணும்டா" என்று கூடத்தில் பெஞ்சைப் போட்டு அவரே ஏறிப் படுத்துக்கொண்டார். கால் முன்னால் போக வேண்டும், அதுதான் முறை என்று படுத்த வாக்கிலேயே உத்தரவு போட்டார்.

கதவைத் தாண்டினோம். திருப்பத்துக்கு வந்தோம். மாட்டிக்கொண்டோம்.

பெஞ்சின் மேலிருந்து

"சார், தோள் போவுது சார்" என்றார் கமால் பாய் ஜாலிக்குள்ளிருந்து.

"பாய், உங்கள்ல எப்படி?" என்று கேட்டார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

"எங்களுக்குப் பள்ளிவாசல்லேர்ந்து சந்தூக்குப் பொட்டி வருங்க ஐயா. தம்பி வூட்டு வாசல்ல அது நொழையுமான்னு இப்பத்தான் எனக்கு ரோசனையா இருக்கு."

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். எனக்கு மானம் போயிற்று.

"ஏம்ப்பா இப்படி அடம் புடிக்கிறீங்க? ஊரு சிரிக்குது. நாலு பேரு கையில தூக்கிக்கிட்டுப் போயிட மாட்டோமா? பொட்டியே எதுக்கு?" என்று கத்தினேன்.



"எங்கண்ணன அப்படித்தான்டா தூக்குனாங்க" என்றார் அப்பா.

பெரியப்பா அரியலூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்து இறந்தவர். நான் அப்போது சின்னப் பையன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மாடிப்படி ஒடுக்கம். திருப்பம் வேற. படுக்க வச்சா வராதுன்னு நாற்காலியில உக்கார வச்சுக் கட்டி எறக்குனாங்க. தல தொங்குது. நாந்தான் தலையப் புடிச்சிக்கிட்டு கூடவே எறங்குனேன். திருப்பத்துல கை நழுவிடுச்சு. செவுத்துல இடிச்சிடுச்சு." மூடிய கண்ணோடு சொன்னார். "செத்தவருக்கு வலிக்காதுடான்னு எல்லாரும் சொன்னாங்க. சத்தம் எனக்குல்ல கேட்டுது."



தயிர் சாதம்

அந்த நேரம் பார்த்து மல்லிகா டிபன் கேரியரோடு வந்தாள். தெருவில் துண்டைக் கக்கத்தில் வைத்து நிற்பவரைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். ஒரு வினாடி அவள் முகம் வெளுத்தது. அப்பாவின் கால் விரல் அசைந்தது. அவ்வளவுதான்.

"பால் காய்ச்சறதுக்கு முன்னாடியே பொணம் தூக்குறீங்களா?"

"நான் இல்ல மல்லிகா, அப்பாதான்" என்று சின்னப் பையன் போல மாட்டிவிட்டேன்.

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அம்மாடி, நீயே சொல்லு. இந்தத் தூண எடுத்துட்டா நான் ஒழுங்கா போயிடுவேன்."

"தூண் மேல கை வச்சா நான் பழைய வாடகை வூட்டுக்கே போயிடுறேன் மாமா."

"அரியலூரயே பிரிச்சானுவோ, சேத்தானுவோ. ஒரு தூண எடுக்க மாட்டியளா? அப்ப நான் ஊருக்குப் போறேன். அங்க வாசல் நேரா இருக்கு."

"அங்க மயங்கி விழுந்தா யாரு பாக்குறது?"

"விழுந்தா நேரா எடுத்துடுவாங்கல்ல?"

நான் இருவரையும் பார்த்துக் கொட்டாவி விட்டேன். "பாரு, பெத்த அப்பன் போறதப் பத்திப் பேசுறேன், இவனுக்குத் தூக்கம் வருது" என்றார் அப்பா. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தூணைப் பார்த்து, "எடுத்துடலாம் சார்" என்றார். மல்லிகா அவரைப் பார்த்தாள். "வேணாம்னா விட்டுடலாம் சார்" என்றார்.

ஒருவழியாகப் பெஞ்சைச் சாய்த்து, கமால் பாயை உருவி எடுத்து, அப்பாவைப் படுத்த வாக்கிலேயே மறுபடி கூடத்துக்குள் கொண்டுவந்தோம். மல்லிகா கேரியரைத் திறந்தாள். தயிர் சாதமும் மாவடுவும். வாசனை பட்டதும் அப்பா எழுந்து சம்மணம் போட்டுக்கொண்டார்.

"செத்தவன் சாப்பிடுவானா?" என்று கேட்டேன்.

"மாவடு இன்னும் ஒண்ணு போடு அம்மாடி" என்றார்.

எல்லோரும் சாப்பிட, மல்லிகா மட்டும் கூடத்தின் தெற்குச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் வைத்திருந்தோம்.

"ஏங்க, அந்த ஜன்னல எடுத்துட்டு, ரெட்டைக் கதவா ஒரு வாசல் வச்சிட்டா? தூணும் இருக்கட்டும். மாமாவும் நேரா போகட்டும்."

"தெக்கு வாசலா? எமன் தெசைன்னு நீதானே சொன்ன?"

அப்பா கையை நக்கிக்கொண்டே சொன்னார்: "நான் அங்கதானடா போறேன்?"

கமால் பாய் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மல்லிகாவே சிரித்துவிட்டாள். மேஸ்திரி சொன்னதை நான் எழுத வேண்டியதில்லை.

வாஸ்துக்காரரிடம், "அது வாசல் இல்லீங்க, தரை வரைக்கும் எறங்குன ஜன்னல்" என்று சொல்லி வைத்தோம். ஜன்னலுக்கு எதற்கு நிலைப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

எந்த வாசல்?

அப்பா வந்து சேர்ந்தார். ஆனால் என்ன நடந்தது தெரியுமா? ஒருத்தர்கூடத் தாமரை வாசல் வழியாக வரவில்லை.

பால்காரர், தபால்காரர், கேஸ் போடுகிறவர், மல்லிகாவின் சொந்த அண்ணன் உட்பட அத்தனை பேரும் தெருவிலிருந்து நேரே தெற்கு வாசலில் ஏறிவிட்டார்கள். "ஜன்னல் வழியா வர்றாங்க பாருங்க!" என்று மல்லிகா உள்ளேயிருந்து பல்லைக் கடிப்பாள். அந்த ஜன்னலுக்கு நடுவில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருப்பார். இதை எழுதும் இந்த நிமிஷமும் அங்கேதான் உட்கார்ந்து, போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தக் கயிறு அவர் பையில் இன்னும் இருக்கிறது.

தாமரை வாசலில் என் ஸ்கூட்டர் நிற்கிறது. துபாய் வாசலுக்காவது ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆள் வருவார்! மல்லிகா மட்டும் விடாமல் அதைத் துடைப்பாள், கோலம் போடுவாள், கோயிலுக்குப் போனால் அதன் வழியாகத்தான் திரும்பி வருவாள்.

அவளுடைய மனது கோணக் கூடாதே என்று ஒரு மழைநாளில் நானும் அந்த வழியாக வந்தேன். கறுப்புக் கிரானைட்டில் தண்ணீர். கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். தாமரையைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தேன். அது யானைக்கால் தடிமன் என்றுதான் முன்னாலேயே சொல்லியிருக்கிறேனே. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, கமால் பாயின் டைல்ஸ் வண்டியில் பலகை போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். தெற்கு வாசல் முன்னால் வண்டி நின்றது. கமால் பாயும் இன்னும் மூன்று பேரும் பலகையைத் தூக்கினார்கள். படி ஏறத் திரும்பினார்கள்.

"நில்லுங்கடா!"

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

"கால முன்னால விட்டுக்கிட்டு வர்றீங்க? அது வெளிய போறவனுக்குடா! உள்ள வர்றவனுக்குத் தல முன்னால வரணும். திருப்புங்க!"

மழையில் நட்ட நடுத்தெருவில் என்னைத் திருப்பினார்கள். எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்தது. கொட்டாவி விடக்கூட எனக்குத் தெம்பில்லை.

தலை முன்னால் போனது. நிலைக்குப் பக்கத்தில் போகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இடிக்கும் என்று நினைத்தேன். இடிக்கவில்லை. என் உச்சந்தலைக்கும் நிலைக்கும் நடுவில் சொரசொரவென்று ஒரு கை இருந்தது. பலகையோடு கூடவே பக்கவாட்டில் நடந்து வந்தது. கூடத்தின் நடுவில் என்னை இறக்கி வைக்கும் வரை அது விலகவில்லை.

கண்ணைத் திறந்தேன். மேலே தலைகீழாக அப்பாவின் முகம். வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். முடிந்ததும் இன்னொன்று. அதற்குள் அடுத்தது.

"என்னப்பா, தூக்கம் வருதா?" என்றேன்.

"அளவு சரியாத்தான்டா இருக்கு" என்றார்.